அட்டையில்லாச் சிம் அட்டை

மனித குலத்தை ஒரு படி மேலே ஏற்றிவைத்த சுற்றறிக்கைகள் உலகில் மிகக் குறைவு. அவற்றில் ஒன்று கிர்கிஸ்தானின் தலைநகர் பிஷ்கெக்கில், எல்லை கடந்த இணைப்புத் துறையின் ஐந்தாம் மாடியில், லிஃப்ட் ஓடாத ஒரு செவ்வாய்க்கிழமை பிறந்தது. "வெளிநாடு செல்லும் அலுவலர்கள் இனி பிளாஸ்டிக் சிம் அட்டை வைத்திருக்கலாகாது. கண்ணுக்குத் தெரியாத சிம் மட்டுமே அனுமதிக்கப்படும்." கையெழுத்து: துறைத் தலைவர் எசென்குல் மத்கெரிமோவ்.

விதியை முதலில் தன்மீதே பாய்ச்சிக்கொள்ளும் உத்தமர் அவர். துருக்கியின் கடலோர நகரம் ஒன்றில் 'தடையற்ற இணைப்பு' மாநாட்டில் பேச அழைப்பு வந்ததும், தன் சிம்மைக் கழற்றினார். உடன் வரவேண்டிய உதவியாளர் ஜிபார்குலின் சிம்மையும் கழற்ற வைத்தார். இரண்டையும் பீரோவில் வைத்துப் பூட்டினார். புது சிம்முக்கான க்யூஆர் கோடு மின்னஞ்சலில் வந்திருந்தது.

"பைகே, இதப் பேப்பர்ல எடுத்து வெச்சுக்கலாமா?" என்று அண்ணன் முறை வைத்துக் கேட்டாள் ஜிபார்குல்.

"அட்டையே வேணாம்னு சொல்லிட்டுப் பேப்பரத் தூக்கிட்டுப் போறதா? நாலு பேரு சிரிக்க மாட்டாங்களா?"

விமானம் இறங்கியது. இருவர் போன்களும் ஊமையாயின. கோடு மின்னஞ்சலில் இருந்தது. மின்னஞ்சலைத் திறக்க இணையம் வேண்டும். நிலையத்தின் இலவச இணையம் ரகசிய எண்ணைக் குறுஞ்செய்தியில் அனுப்புவதாகப் பெருந்தன்மையோடு சொன்னது. குறுஞ்செய்தி வர சிம் வேண்டும். மூன்று மணிக்கு உரை. மண்டபத்தின் பெயர், அழைத்துப்போக வந்த ஓட்டுநரின் எண், எல்லாம் அந்த மின்னஞ்சலுக்குள்தான். எசென்குலின் கழுத்துப்பட்டி வியர்வையில் நனைந்தது. ஆனாலும், "திட்டம் முதற்கட்டச் சோதனையில் உள்ளது" என்று ஜிபார்குலைக் குறித்துக்கொள்ளச் சொன்னார்.

அதே விமானத்தில் உல்கானும் வந்திருந்தாள். பிஷ்கெக்கின் தொர்தோய் சந்தையில் குழந்தை உடுப்பு விற்பவள். மாதம் ஒருமுறை சரக்கெடுக்க வருபவள். பெட்டிக்கடையில் ஒரு பிளாஸ்டிக் சிம் வாங்கிப் போட்டுக்கொண்டு, காலிப் பைகளின்மேல் உட்கார்ந்து உப்புக்கரிக்கும் காய்ந்த தயிர் உருண்டையான குருத்தைச் சப்பிக்கொண்டிருந்தாள். தன் ஊர்ப் பேச்சு காதில் விழுந்ததும் நிமிர்ந்தாள்.

"என்ன தம்பி, நெட்டு இல்லையா? என் போன்ல இருந்து எடுத்துக்க."

"எஜே, இத உதவின்னு சொல்லக்கூடாது. பொதுமக்கள் பங்களிப்புன்னு சொல்லணும்" என்று அக்கா முறை வைத்துத் திருத்தினார் எசென்குல்.

"என்னன்னாலும் சொல்லிக்க. குருத் வேணுமா?"

மின்னஞ்சல் திறந்தது. கோடு அவருடைய போன் திரையில் தெரிந்தது; அதைப் படிக்க வேண்டிய கேமராவோ அதே போனின் முதுகில் இருந்தது. எசென்குல் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கழிவறைக் கண்ணாடி முன் நின்று முன்பக்கக் கேமராவால் முயன்றார். கைகழுவ வந்தவர்கள் பின்னால் வரிசை கட்டினார்கள். கடைசியில் ஜிபார்குல் அவர் திரையைத் தன் போனில் படம் பிடித்து நீட்ட, சிம் இறங்கத் தொடங்கியது.

நாற்பது சதவீதம். அறுபது. அப்போது உல்கானின் போன் அடித்தது. அவள் விருட்டென்று எழுந்து நகரும் படிக்கட்டில் ஏறினாள். இணையமும் அவளோடு ஏறிப் போயிற்று.

"எஜே, எங்க போறீங்க? அறுபதுல நிக்குது."

"போன் வந்தா மேட்டுக்குப் போகணும் தம்பி."

"இங்க எங்க நின்னு பேசினாலும் கேக்கும்."

"எனக்குத் தெரியுது. என் காலுக்குத் தெரியலையே."

எசென்குல் போனை நிறைந்த தேநீர்க் கிண்ணம்போல இரு கையாலும் ஏந்திக்கொண்டு பின்னால் ஓடினார். மேல்தளத்தை அவர் எட்டியபோது உல்கான் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"என் பொண்ணுக்குப் பொண்ணு பொறந்திருக்கு. மூணு கிலோ நானூறு. பொறந்தது நேத்து. மருமவன் குதிரையில மலை ஏறி வந்து இப்பத்தான் சொல்றான்."

ஜிபார்குல் அவளைக் கட்டிக்கொண்டாள். எசென்குல்கூடச் சதவீதத்தை மறந்து ஒரு குருத்தை வாயில் போட்டுக்கொண்டார்.

"எதுக்கு மலை ஏறணும்?"

"எங்க அலா-கெச்சூ கிராமத்துல டவர் இல்லையே தம்பி. பதினோரு வருஷமாக் கேக்கறோம்."

இதற்குள் சிம் முழுதும் இறங்கிவிட்டது. திரையில் எழுத்துகள் ஒளிர்ந்தன: "வாழ்த்துகள். உங்கள் பயணத் திட்டம் தயார். செல்லுபடியாகும் நாடு: கிர்கிஸ்தான் மட்டும்."

ஜிபார்குல் இரண்டுமுறை படித்தாள். "பைகே, டெண்டர்ல இதுதான் விலை கம்மின்னு நீங்கதானே..."

"நாட்டுப்பற்றுள்ள சிம். சோதனை வெற்றின்னு எழுதிக்கோ."

உல்கானின் இணையத்தில் மண்டபத்தின் பெயர் கிடைத்தது, ஓட்டுநரும் கிடைத்தார். நன்றிக்கடனாக ஏதாவது செய்ய வேண்டும் என்று எசென்குலின் மனம் துடித்தது.

"டவர் குடுக்கறதும் எங்க துறைதான். முறைப்படி மனுப் போட்டீங்களா எஜே?"

"நாலு தரம் உங்க ஆபீசுக்கே வந்தேன். நேர்ல வாங்க மாட்டோம், இணையத்துல போடுன்னுட்டாங்க."

"ஆமா, வெளிப்படைத்தன்மை."

"ஊருல நெட்டு ஏது? சந்தையில நேரம் ஏது? இங்கதான் ரெண்டும் இருக்கு. இப்பவே போட்டுடறேன்."

ஜிபார்குல் படிவத்தைத் திறந்து நிரப்பிக் கொடுத்தாள். உல்கான் பிள்ளை பெற்றவளின் தாய்க்குரிய மிடுக்கோடு பொத்தானை அழுத்தினாள். மூன்றாவது நொடியில் பதில் வந்தது: "நீங்கள் வெளிநாட்டில் இருப்பதால் மனு ஏற்கப்படவில்லை. டவர் தேவைப்படும் கிராமத்திலிருந்தே இணையம் வழியாக அனுப்பவும்."

எசென்குல் எட்டிப் படித்தார். அவர் முகம் பெருமையில் மலர்ந்தது.

"பாத்தீங்களா எஜே, மூணே நொடி. எங்க துறையில யாரையும் காக்க வெக்கிற பழக்கமே கிடையாது."