பீரோவுக்குள் போன புதுக் கேபிள்

நேற்று ஒரே ஒரு வேலைதான். கம்ப்யூட்டரில் பவர் சப்ளை பெட்டியை மாற்றணும். பழசு செத்துப்போச்சு.

கடைக்காரர், "மாட்ட ஆள் அனுப்பவா ஐயா?" என்றார்.

"நாப்பது வருசம் தோட்டத்து மோட்டாருக்குக் காயில் கட்டினவன்யா நான். பெட்டியக் குடு."

ஆளை அனுப்பச் சொல்லியிருக்கலாம். வாய்.

வீட்டுக்காரி ஸ்டெல்லா சின்னாளப்பட்டி சுங்குடிச் சேலை எடுத்து வாட்ஸ்அப்பில் விற்கிறாள். நூற்றிருபது சேலையின் படமும் அந்தக் கம்ப்யூட்டரில்தான். செல்லில் இடமில்லைனு அங்கே மாற்றியது நான். செல்லில் இருந்ததை அழிச்சதும் நான்.

"கிறிஸ்துமஸ் சேலைப் படமெல்லாம் நாளைக்குப் போடணுங்க. எதையாச்சும் பண்ணி வச்சிராதீங்க."

"போ. போயி காபியப் போடு."

பிரிச்சேன். புதுப் பெட்டியோட கேபிள்கள் தனியா ஒரு பையில். ரெண்டு பக்கமும் கழற்றி மாட்டுற மாதிரி. பளபளன்னு.

மனசு வரலை. எங்க வீட்டில் புதுசை எடுத்த எடுப்பில் புழங்க மாட்டோம். டிவி ரிமோட்டே ஏழு வருசமா கவருக்குள்ளதான் இருக்கு.

பழைய பெட்டியில் இருந்து கழற்றின கேபிளையே மாட்டிப் பார்த்தேன். மதர்போர்டுக்குப் போறது பெட்டிப் பக்கம் நுழையலை. வயிறெரிய, அதுக்கு மட்டும் புதுசில் ரெண்டை எடுத்தேன். ஹார்ட் டிஸ்க்குக்குப் போற பழசு மட்டும் 'டக்'குனு உட்கார்ந்துச்சு. அப்புறம் என்ன? மிச்சப் புதுசைப் பையோட பீரோவில் வச்சுப் பூட்டினேன்.

சுவிட்சைப் போட்டேன்.

ஃபேன் சுத்துச்சு. விளக்கு எரிஞ்சுச்சு.

"பாத்தியா!" என்றேன்.

'பட்!'

கருகல் வாசனை. அதை மட்டும் எனக்கு நல்லாத் தெரியும்.

"ஏங்க, என்ன கருகுது?"

"அடுப்பப் பாரு."

"அடுப்ப அணைச்சு அரை மணி நேரமாச்சுங்க!"

கம்ப்யூட்டரை மடியில் வச்சுக்கிட்டு ஆட்டோவில் நாகல் நகர் கடைக்கே போனேன். கடைக்காரர் ஹார்ட் டிஸ்க்கை மோந்து பார்த்தார்.

"ஐயா, இது பழைய கேபிளாச்சே?"

"நல்லாத்தான பொருந்துச்சு?"

"பொருந்தும். ஆனா எந்தக் கம்பியில எம்புட்டு வோல்ட் வரும்ங்கிறது பெட்டிக்குப் பெட்டி மாறும். அஞ்சு வோல்ட் போற இடத்துல பன்னெண்டு போயிருக்கு. புதுப் பெட்டிக்கு அதோட கேபிளத்தான் மாட்டணும். அது எங்க?"

"பீரோவுல."

"பீரோவுலயா?"

"பட்டுச்சேலைக்கு அடியில."

சுவர்ப்பக்கம் திரும்பிக்கிட்டார். தோள் மட்டும் குலுங்குச்சு.

"படம் திரும்ப வருமா?"

"மதுரைக்கு அனுப்பிப் பாக்கலாம். வந்தா உங்க அதிர்ஷ்டம். நாளைக்குள்ள வராது."

வீட்டுக்கு வந்து சொன்னேன். ஸ்டெல்லா திட்டலை. அதுதான் பயமா இருந்துச்சு.

"சேலை அம்புட்டும் வீட்டுலதான இருக்கு. வாங்க மொட்டை மாடிக்கு."

வெயில் மண்டையைப் பிளந்துச்சு. ஒவ்வொரு சேலையா விரிச்சு நான் பிடிக்க, அவள் செல்லில் படம் எடுத்தாள்.

"ஒசத்திப் புடிங்க. இன்னும் ஒசத்தி. மூஞ்சி தெரியுது!"

"கை வலிக்குதுடி."

"மோட்டாரத் தூக்கின கைதான? இன்னும் எண்பது இருக்கு."

இன்று காலை முதல் ஆளாக ஒரு அம்மா கேட்டிருந்தாங்க. ஸ்டெல்லா சத்தமா வாசிச்சாள்: "அக்கா, பின்னாடி ஒரு பெரியவர் மொறைக்கிறாரே, அந்தப் பச்சைச் சேலை இருக்கா?"

புது ஹார்ட் டிஸ்க் வாங்கி, புதுக் கேபிளோடவே மாட்டிட்டேன். கேபிள் வந்த பையை மட்டும் பீரோவில் வச்சுப் பூட்டியிருக்கேன். புதுசு.