மில்லிமீட்டர் அண்ணன் பிடித்த திருடன்

திண்டிவனத்தில் மூஞ்சி என்று ஒன்றை வைத்திருந்த யாரும் மில்லிமீட்டர் அண்ணனிடமிருந்து தப்பியதில்லை. பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ச் சந்தில் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தார். நிஜப் பெயர் அவர் மனைவிக்காவது தெரியுமோ என்னவோ. சட்டைப் பையில் பேனா இருக்கவேண்டிய இடத்தில் ஒரு இரும்பு ஸ்கேல் இருக்கும். போட்டோ எடுத்து, பிரிண்ட் போட்டு, கண், மூக்கு, தாடை எல்லாவற்றையும் அளந்து முடித்த பிறகுதான் கவர் நம் கைக்கு வரும். கூடவே தீர்ப்பும் வரும்.

“வலது கண்ணு அரை மில்லிமீட்டர் மேல கீது. எதுக்கும் டாக்டராண்ட காட்டு.”

சுவரில் பெரிய போர்டு: ‘எங்கள் அளவு தப்பாது.’

கூட்டேரிப்பட்டிலிருந்து ஒரு மாப்பிள்ளை வீட்டார், பார்த்து வைத்திருந்த பெண்ணின் போட்டோவுக்கு ஃப்ரேம் போட வந்தார்கள். யாரும் கேட்காமலே அண்ணன் அதை அளந்துவிட்டு, “இது இழுத்துவுட்ட போட்டோங்க. பொண்ணு இவ்ளோ ஒல்லி கெடையாது” என்றார். கல்யாணம் என்னவோ நடந்தது. ஆனால் பெண்ணின் அண்ணன்கள் மூன்று பேர் இவரைத் தேடி வந்த அன்று, ஸ்டுடியோவின் நீலத் திரைக்குப் பின்னாலேயே பொழுதைக் கழித்தார். அங்கிருந்தும், “அளவு சரிதான்!” என்று குரல் வந்ததாம்.

இந்த மனிதர் கையில் என் பிழைப்பு மாட்டும் என்று நான் கனவா கண்டேன்? பக்கத்துச் செல்போன் கடையில் பில் போடும் ஆள் நான். ஒரு திங்கட்கிழமை வேலைக்குப் போனால் முதலாளி முறைக்கிறார். முந்தின நாள் விலை உயர்ந்த போன் ஒன்று காணாமல் போயிருந்தது. அன்று எனக்கு லீவு. வல்லத்தில் மாமியார் வீட்டு நிலத்தில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பிடுங்கிக்கொண்டிருந்தேன். கடைக் கேமராவில் தொப்பி போட்ட ஒருத்தன் கலங்கலாகத் தெரிந்தான். உயரம் என் உயரம். முதலாளிக்கு அது போதாதா? படத்தைப் பிரிண்ட் போட்டு, அண்ணனைக் கூப்பிட்டு, “இது நம்ம குமாரான்னு பாருங்க” என்றார்.

அண்ணன் என் பாஸ்போர்ட் சைஸ் போட்டோவைப் பக்கத்தில் வைத்து அளந்தார். பேப்பரில் கணக்குப் போட்டார். என்னை ஏறிட்டும் பார்க்கவில்லை.

“கண்ணுக்கும் கண்ணுக்கும் எவ்ளோ, மூக்குக்கும் தாடைக்கும் எவ்ளோ, ரெண்டு படத்துலயும் ஒரே கணக்கு. குமாருதான்.”

“அண்ணே! நான் ஊர்லயே இல்லண்ணே!”

“ஸ்கேலு பொய் சொல்லாது குமாரு.” எழுந்து போய்விட்டார்.

“அஞ்சு மணிக்குள்ள போனைக் கொண்டாந்து வெச்சிரு. இல்லன்னா ஸ்டேஷனுக்குப் போன் பண்ணிடுவேன்” என்றார் முதலாளி. மனைவிக்கு ஏழாம் மாதம். மாமியார் சொல்லும் சாட்சியை எந்த ஸ்டேஷன் நம்பும்? அடப்பாவி மனுஷா, உனக்கு நான் என்ன கெடுதல் செய்தேன் என்று மனதுக்குள் திட்டித் தீர்த்தேன்.

மணி ஐந்தாகிவிட்டது. முதலாளி போனைக் கையில் எடுத்துவிட்டார். அப்போது மூச்சு வாங்க உள்ளே வந்தார் அண்ணன். தலையில் தொப்பி.

“இருங்க மொதலாளி, ஜல்தி பண்ணாதீங்க. நான் மூஞ்சிக்கு நேரா வெச்சி எடுக்கறேன். உங்க கேமரா உச்சியில மாட்டிக்கினு கீழ பாக்குது. நெத்தி பெரிசாயிடும், தாடை சின்னதாயிடும். ரெண்டையும் எப்பிடிச் சேர்த்து அளந்தேன்?”

திருடன் நின்ற அதே இடத்தில் நின்றார். கடைக் கேமராவில் விழுந்த அந்தப் படத்தையும் பிரிண்ட் போடச் சொல்லி அளந்தார். கடை வாசலில் சந்தே கூடிவிட்டது.

“இதுவும் அதே கணக்குதான் வருது. அப்ப திருடன் நான்தான்.”

“என்னய்யா, வெளையாடறியா?”

“நீங்களும் தொப்பியப் போட்டுக்கினு நில்லுங்க.”

பூசணிக்காய் மூஞ்சி முதலாளிக்கு. அவரையும் அளந்தார். “உங்க கடையில நீங்களே திருடிக்கினீங்க மொதலாளி.”

வாசலில் சிரிப்பு கிளம்பியது. அண்ணன் மட்டும் சிரிக்கவில்லை.

“படம் புள்ளி புள்ளியா கீது. கண்ணு எங்க முடியுதுன்னே தெரியல. ஒரு புள்ளி தள்ளி ஸ்கேல வெச்சா வேற ஆளு. நீங்க குமாரான்னு கேட்டீங்க. நான் குமார மனசுல வெச்சிக்கினே அளந்துட்டேன். என் அளவு தப்பு.”

அத்தனை பேர் முன்னால் சொன்னார். முதலாளி போனை மேஜையில் வைத்தார். எனக்கு அழுகை வந்துவிட்டது, வெட்கமில்லாமல் அழுதேன்.

மறுநாள் ஸ்டுடியோ சுவரில் போர்டு இல்லை. சட்டைப் பையில் ஸ்கேலும் இல்லை. சந்தில் போகிறவன் வருகிறவன் எல்லாம் “என்ன அண்ணே, திருடன் கெடைச்சானா?” என்று கிண்டல் செய்தான். சிரித்துக்கொண்டே போனார்.

இப்போது அளக்காமல்தான் படம் எடுக்கிறார். தலை கொஞ்சம் ஒரு பக்கம் சாய்ந்தே வருகிறது. என் ரேஷன் கார்டிலும் பேங்க் பாஸ்புக்கிலும், என் மகளின் முதல் போட்டோவிலும் எங்கள் தலை சாய்ந்துதான் இருக்கிறது. வேறு எந்த ஸ்டுடியோவுக்கும் நாங்கள் போவதில்லை.