டிரெசர் ஐயாசாமியின் லாரி வீடு

இனி ஜென்மத்துக்கும் மச்சான் வீட்டு வாசல்படியை மிதிப்பதில்லை என்று டிரெசர் ஐயாசாமி சபதம் போட்டு ஏழு மாதம் ஆகியிருந்தது. ஏழு மாதத்தில் சபதம் கொஞ்சமும் இளைக்கவில்லை. வேளாவேளைக்குத் தீனி போட்டு அவரே அதை வளர்த்து வந்தார்.

ஜொகூரில், லாபிஸ் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றின் ஆஸ்பத்திரியில் அவருக்கு டிரெசர் உத்தியோகம். டாக்டர் மாதத்துக்கு ஒரு தடவை வந்து எட்டிப் பார்ப்பார். மற்ற நாளெல்லாம் கட்டுப் போடுவதும் காய்ச்சலுக்குக் கொய்னா கொடுப்பதும் ஐயாசாமிதான். தோட்டத்தில் இருநூறு குடும்பம் அவரைக் கண்டால் எழுந்து நிற்கும். அவருடைய சொந்தக் குடும்பத்தில் அந்த வழக்கம் இல்லை.

மச்சான் லெட்சுமணன், மனைவி கிருஷ்ணம்மாவின் அண்ணன். கோத்தா திங்கியில் மளிகைக் கடை வைத்திருந்தார். கடை சின்னது, வாய் பெரியது. போன பொங்கலுக்குப் போயிருந்தபோது, பந்தியில் இருபது பேர் உட்கார்ந்திருக்க, அவர் நிதானமாகச் சொன்னார்.

"எங்க மாப்ள வைத்தியம் ரொம்ப சுலபங்க. இடுப்புக்கு மேல வலிச்சா கொய்னா. இடுப்புக்குக் கீழ வலிச்சா விளக்கெண்ண. இடுப்பே வலிச்சா ரெண்டும்."

பந்தி சிரித்தது. அதைக்கூட ஐயாசாமி மன்னித்திருப்பார். ரசம் ஊற்றிக்கொண்டிருந்த கிருஷ்ணம்மாவும் சிரித்துவிட்டாள். வாளி குலுங்கச் சிரித்தாள். கொஞ்சம் ரசம் அவர் மடியிலேயே விழுந்தது. அன்றைக்குப் போட்டதுதான் சபதம்.

ஆடி மாதம் லெட்சுமணனிடமிருந்து கல்யாணக் கடிதாசி வந்தது. மகள் ராசம்மாவுக்கு ஆவணியில் கல்யாணம். மாப்பிள்ளை கனகராஜ், கோத்தா திங்கியில் பஸ் ஓட்டுகிறவர். அத்தையும் மாமாவும் நாலு நாள் முன்னதாகவே வந்துவிட வேண்டும்.

கடிதாசியைப் படித்த கையோடு ஐயாசாமி தோட்டத்துத் துரையிடம் போய்ப் பத்து நாள் லீவு கேட்டார். கல்யாணத் தேதி அதற்குள் விழும்படி பார்த்துக் கேட்டார்; அன்றைக்கு வேறு திசையில் இருக்கத்தான். லீவோடு கூட இன்னொன்றும் கேட்டார். ரப்பர் பால் ஏற்றித் தேய்ந்து, ஸ்டோருக்குப் பின்னால் புல் முளைத்துக் கிடந்த பழைய லாரி. துரை சிரித்துக்கொண்டே எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

எல்லாம் துரை வீட்டுப் பழைய பத்திரிகையில் வந்த ஒரு படத்தால் வந்தது. ஒரு மோட்டார், அதன் பின்னால் ஜன்னல் வைத்த குட்டி வீடு. வாசலில் ஒரு வெள்ளைக்காரர் தேத்தண்ணி குடிக்கிறார், எதிரே கடல். அந்தப் படத்தை ஐயாசாமி நாலு நாள் பார்த்தார். ஐந்தாம் நாள் சாப்பாட்டில் கை வைத்துக்கொண்டு அறிவித்தார்.

"இந்த வருஷம் நாம மெர்சிங் போறோம். கடலுக்கு."

"எதுல?" என்றாள் கிருஷ்ணம்மா.

"வீட்டுல."

"வீட்டுல இருந்துகிட்டே எப்படிப் போறது?"

"அதான் சங்கதி. லாரி மேல வீடு கட்டப் போறேன். ரயிலுக்கு ஓட வேணாம். எவன் வீட்டுத் தாழ்வாரத்துலயும் பாய் விரிக்க வேணாம். பிடிச்ச எடத்துல நிறுத்தலாம், பொங்கித் திங்கலாம். காலையில கண்ண முழிச்சா வாசல்ல கடல். பக்கத்துல இருக்கறவன் வாய் நீளமா இருந்தா, எஞ்சினைத் தட்டிவிட்டுப் போயிகிட்டே இருக்கலாம்."

கடைசி வாக்கியத்தைக் கொஞ்சம் அழுத்திச் சொன்னார். சண்டைக்குத் தயாராக வேட்டியையும் இறுக்கிக்கொண்டார். பதினொரு வயது மகள் செல்வராணி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"நல்ல யோசனைதான்," என்றாள் கிருஷ்ணம்மா. "மோர் ஊத்தவா?"

பதினாலு வருஷ தாம்பத்தியத்தில் அவர் யோசனை ஒன்று முதல் பேச்சிலேயே நிறைவேறியது அன்றைக்குத்தான். மோரைக் குடிக்கவும் மறந்துபோனார்.

தோட்டத்துத் தச்சர் சின்னத்தம்பி வேலையைத் தொடங்கினார். பலகைச் சுவர், தகரக் கூரை, மடக்குக் கட்டில் இரண்டு, செல்வராணிக்குப் பெட்டி மேல் படுக்கை. கிருஷ்ணம்மா தினமும் வந்து மேற்பார்வை பார்த்தாள். ஜன்னலுக்குத் திரை தைத்தாள். அரிசிக்கும் புளிக்கும் தட்டு அடிக்கச் சொன்னாள். மண்ணெண்ணெய் அடுப்புக்கு மூலை ஒதுக்கினாள். பிறகு வாசலைப் பார்த்து முகத்தைச் சுளித்தாள்.

"வெறும் ஏணி வச்சிருக்கீங்க. வீடுன்னா வாசப்படி வேணாமா?"

"லாரிக்கு எதுக்கும்மா வாசப்படி?" என்றார் சின்னத்தம்பி.

"இது லாரியா, வீடா?"

"வீடு," என்றார் ஐயாசாமி.

"அப்ப நிலை வேணும், படி வேணும். உங்க பேர் எழுதின பலகையும் வேணும். ஏங்க, இது கோலாலம்பூர்ல நின்னாலும் நம்ம வீடுதானே?"

"சீமையில நின்னாலும் நம்ம வீடுதான்."

"இதுக்குள்ள நீங்க இருந்தா, உங்க சொந்த வீட்டுல இருக்கறதாத்தானே கணக்கு?"

"பின்ன? எவன் கேக்க முடியும்?"

"அது போதும்," என்றாள் அவள். சின்னத்தம்பி மூன்று படி அடித்தார். கிருஷ்ணம்மா கூரை உயரத்தைக் கயிறு பிடித்து அளந்துகொண்டு போனாள். எதற்கென்று ஐயாசாமி கேட்கவில்லை. பெண்டாட்டிக்குத் தன் வேலையில் அக்கறை வந்தால் எந்தப் புருஷன் குறுக்கே கேள்வி கேட்பான்?

புறப்படுகிற வெள்ளிக்கிழமை லாரிக்குள் பால் காய்ச்சினார்கள். ரப்பர் பாலையே சுமந்து பழகிய அந்த வண்டி பசும்பாலைப் பார்த்தது அன்றைக்குத்தான். பொங்கியபோது தோட்டமே கை தட்டியது. துரையின் ஓட்டுநரிடம் கற்றுக்கொண்டு லைசென்ஸ் வாங்கியிருந்த ஐயாசாமி தாமே வண்டியை எடுத்தார். முதல் வளைவில் இரண்டு தகரக் குவளைகள் விழுந்தன. அதற்கப்புறம் ஒரு குறையும் இல்லை.

அந்தப் பயணத்தைப் பற்றி என்ன சொல்ல. யோங் பெங்கில் நிறுத்தி வாழைப்பழம் வாங்கினார்கள். குளுவாங் தாண்டி, காஹாங் பக்கம் ஓர் ஆற்றோரத்தில் நிறுத்திச் சோறு பொங்கினார்கள். செல்வராணி ஜன்னலில் இருந்தபடியே கை நீட்டிக் கொய்யா பறித்தாள். பக்கத்துக் கிராமத்து மலாய்க்காரர் ஒருவர் சைக்கிளை நிறுத்தி வண்டியைச் சுற்றி வந்தார்.

"ரூமா போலே ஜாலான் கா?" என்று கேட்டார். வீடு நடக்குமா என்று.

"போலே," என்றார் ஐயாசாமி. நடக்கும் என்று அரசன் குரலில் சொன்னார். அவர் ஆஸ்பத்திரியை மறந்தார், கொய்னாவை மறந்தார், மச்சானைக்கூட முக்கால்வாசி மறந்தார். தன் வீட்டு வாசல்படியில் உட்கார்ந்து, ஆற்றைப் பார்த்துக்கொண்டு, பெண்டாட்டி கையால் கருவாட்டுக் குழம்பு சாப்பிடுகிறவனுக்கு உலகத்தில் யார் பகை?

சனிக்கிழமை காலை ஜெமாலுவாங் முச்சந்திக்கு வந்தார்கள். இடது பக்கம் மெர்சிங், வலது பக்கம் கோத்தா திங்கி. ஐயாசாமி இடது பக்கம் ஒடிக்கப் போனார்.

"கொஞ்சம் நிறுத்துங்க," என்றாள் பக்கத்தில் இருந்த கிருஷ்ணம்மா.

நிறுத்தினார்.

"வலது பக்கம் திருப்புங்க. நாளைக்கு ராசம்மாவுக்குக் கல்யாணம்."

"தெரியும். என் சபதமும் உனக்குத் தெரியும்."

"தெரியும். அந்த வீட்டு வாசப்படிய மிதிக்க மாட்டேன்னுதானே சொன்னீங்க? மிதிக்க வேணாம். அண்ணன் வீட்டுக்கு முன்னால ரோட்டோரமா நிறுத்துங்க. நீங்க உங்க வீட்டுல இருங்க. உங்க வாயால சொன்னதுதான், சீமையில நின்னாலும் நம்ம வீடு."

ஐயாசாமி ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தார். "பந்தி?" என்றார்.

"எல உங்க வீட்டுக்கு வரும்."

"உங்கண்ணன் வந்து முறையாக் கூப்பிடணும்."

"கூப்பிடுவாரு. உங்க வாசல்ல, கீழ நின்னு கூப்பிடுவாரு. நீங்க மேல நின்னு கேளுங்க."

அந்தக் காட்சி ஐயாசாமியின் மனதில் மெல்ல விரிந்தது. மூன்று படி உயரம். கீழே மச்சான் தலை, மேலே தன் கால்.

"நான் தூக்கி வளத்த பொண்ணுங்க அவ," என்றாள் கிருஷ்ணம்மா. இதைச் சொல்லும்போது மட்டும் அவள் குரல் கொஞ்சம் உடைந்தது.

லாரி வலது பக்கம் திரும்பியது.

கோத்தா திங்கியில் லெட்சுமணன் வீட்டு வாசலிலிருந்து ரோட்டோரம் வரை பந்தல் போட்டிருந்தார்கள். லாரி அதன் ஓரத்துக்குள் இடிக்காமல் நுழைந்து நின்றது. ஐயாசாமி நினைத்ததற்கு மேலாகவே எல்லாம் நடந்தது. லாரி வந்து நின்ற கால் மணியில் கல்யாண வீடு காலியாகிவிட்டது. மேளக்காரர் முதல் சமையற்காரர் வரை எல்லாரும் லாரியைச் சுற்றி நின்றார்கள். கட்டிலை மடக்கிக் காட்டச் சொன்னார்கள், விரித்துக் காட்டச் சொன்னார்கள். பெண்டுகள் ஐந்து ஐந்து பேராக உள்ளே போய் அடுப்பு மூலையைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்கள். அவர்கள் புருஷன்மார் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

லெட்சுமணன் வெற்றிலைத் தட்டோடு வந்தார். கூட்டத்தில் அவருக்கே வழி கிடைக்கவில்லை. ஒருவழியாகப் படிக்குக் கீழே வந்து நிமிர்ந்து பார்த்தார்.

"மாப்ள, பொங்கலுக்கு நான் பேசினது தப்பு. இத்தனை பேர் முன்னால சொல்றேன். மனசுல வச்சுக்காதீங்க. கல்யாணத்துக்கு நீங்கதான் முன்ன நிக்கணும்."

ஐயாசாமி மேல்படியில் நிமிர்ந்து நின்றார். ஏழு மாதப் பசிக்கு ஒரு வாய் போதாது, கொஞ்சம் நிதானமாக மென்றார். பிறகு குனிந்து, மேலிருந்தபடியே தட்டை வாங்கிக்கொண்டார்.

"நம்ம பொண்ணு கல்யாணம், மச்சான். நிக்காம இருப்பனா?"

மறுநாள் பந்தலில் தாலி கட்டு நடந்தது. பந்தல் வாசல்படிக்கு வெளியே இருந்ததால் சபதத்துக்குப் பங்கமில்லை. ஐயாசாமி முன்வரிசையில் நின்று அட்சதை போட்டார். லாரிக்கு இலை வந்தது. பாயசம் இரண்டு தடவை வந்தது. இப்படி ஒரு வெற்றியைச் சரித்திரத்தில் எந்த டிரெசரும் கண்டிருக்க மாட்டார்.

சாப்பாடு முடிந்து மொய்யும் சீரும் சொல்லுகிற நேரம். கிருஷ்ணம்மா எழுந்து நின்றாள். கையில் சேலை வைத்திருந்தாள். அதை ராசம்மாவிடம் கொடுத்துவிட்டு, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்.

"இது அத்தை சீரு. மாமா சீரு தனி. வீடு பூரா விருந்தாளுங்க, புதுப் பொண்ணு மாப்பிள்ளைக்கு உக்காந்து பேச ஒரு மூலை இல்ல. அத நெனச்சுத்தான் எங்க வீட்டுக்காரர் ஒரு மாசமாப் பாடுபட்டு இந்த வீட்டைக் கட்டினாரு. மாப்பிள்ளைக்கு வண்டி ஓட்டத் தெரியும். ரெண்டு பேரும் அஞ்சு நாள் மெர்சிங் போயி, கடலப் பாத்துட்டு வரட்டும்."

பந்தல் முழுக்கக் கைதட்டல். மேளக்காரர் கேட்காமலேயே ஒரு சுற்று வாசித்தார். ராசம்மா ஓடிவந்து ஐயாசாமி காலில் விழுந்தாள். கனகராஜும் விழுந்தார். காலில் விழுந்தவர்களை என்ன செய்வது? ஆசீர்வாதம்தான் செய்ய முடியும். செய்தார்.

லெட்சுமணனுக்குக் கண் கலங்கிவிட்டது. "இப்படி ஒரு மனசு யாருக்கு வரும், மாப்ள," என்று கையைப் பிடித்துக்கொண்டார்.

புதுப் பொண்ணு மாப்பிள்ளையோடு லாரி பந்தலை விட்டு வெளியே வந்தபோதுதான் ஐயாசாமி அதைக் கவனித்தார். லாரி நின்ற பக்கம் மட்டும் பந்தல் கால்கள் உயரமாக இருந்தன. லாரிக் கூரைக்கும் பந்தலுக்கும் நடுவே சரியாக ஒரு சாண்.

"அந்தப் பக்கம் மட்டும் ஏன் மச்சான் தூக்கிக் கட்டியிருக்கு?"

"லாரி நிக்கத்தான். தங்கச்சி அளவு எழுதியிருந்துச்சே, பத்தடி நாலங்குலம்னு. சரியா இருந்துச்சில்ல?"

லாரி முனை திரும்பி மறைந்தது. ஐயாசாமி நின்ற இடத்திலேயே நின்றார். அப்போது ஜொகூர் மழை, கேட்காமல் வருகிற மழை, கொட்ட ஆரம்பித்தது. பந்தல் ஓலை இரண்டு நிமிஷம் தாங்கியது. மூன்றாம் நிமிஷம் அவர் தலையில் அருவியாக இறங்கியது. எல்லாரும் வீட்டுக்குள் ஓடினார்கள். அவர் மட்டும் சபதத்தோடு நனைந்தார்.

கிருஷ்ணம்மா உள்ளே இருந்து ஒரு துண்டை நீட்டினாள். "வாங்க. காய்ச்சல் வந்தா உங்களுக்கு மருந்து குடுக்க யாரு இருக்கா?"

அவர் சுற்றும் முற்றும் பார்த்தார். யாரும் பார்க்கவில்லை. ஏழு மாதம் வளர்த்த சபதத்தின் மேல் முதலில் வலது கால், பிறகு இடது கால்.

ஐந்து நாளும் லெட்சுமணன் அவரைத் தரையில் விடவில்லை. வருகிற ஆளிடமெல்லாம், இவர்தான் லாரி வீடு கட்டிய எங்க மாப்ள என்று அறிமுகம் செய்தார். கோழி, ஆற்று மீன், வெந்நீர், நல்ல கட்டில். ஐயாசாமிக்கு உடம்பு கொஞ்சம் பூசியது. ஆனாலும் மனசில் கடல் அடித்துக்கொண்டே இருந்தது.

ஆறாம் நாள் லாரி திரும்பி வந்தது. ராசம்மா இறங்கி நேரே வீட்டுக்குள் போய்விட்டாள். ஐயாசாமி கனகராஜைத் தனியே பிடித்துக்கொண்டார்.

"சொல்லுங்க, கடல் எப்படி இருந்துச்சு?"

கனகராஜ் தலையைச் சொறிந்தார். "கடலா, ஐயா? சரியாப் பாக்கலீங்க."

"வாசலக் கடலுக்கு நேரா நிறுத்தினீங்கதானே?"

"நிறுத்தினோம். கதவச் சாத்தியே வச்சிருந்தோம்."

பின்னால் நின்ற கிருஷ்ணம்மா துண்டை மடித்தபடி சொன்னாள். "பாத்தீங்களா, கடல்ல ஒண்ணும் இல்லியாம். அடுத்த வருஷமும் இங்கேயே வந்துரலாம்."