சகலையின் தொண்டையில் என் கத்தல்

அன்புள்ள மைத்துனனுக்கு,

உன் சின்ன அத்தான் எழுதுவது. இங்கே அனைவரும் நலம். என்னைத் தவிர என்று எழுதினால் உன் அக்கா எட்டிப் பார்த்துவிட்டு "ஆரம்பிச்சிட்டீங்களா" என்பாள். ஆகவே நானும் நலம். போன இடத்தில் ஆல்பம் கம்பெனிக்காரர்களோடு பேச்சு நல்லபடியாக நடக்கும் என்று நம்புகிறேன். இது மரியாதைக்கு எழுதியது.

உன் பங்க் இசைக்குழு ஒத்திகை பார்க்க என் வீட்டுக்குப் பின்னால் உள்ள ஷெட்டைக் கொடுத்தவன் நான். விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்த ஒரு மதியம், தாங்க முடியாமல் ஜன்னலைத் திறந்து, "நிறுத்துங்கடா! மனுஷன் இங்க உயிரோட இருக்கணுமா வேணாமா?" என்று கத்தியவனும் நான். மைக் திறந்திருந்தது. அந்தக் கத்தலை வெட்டியெடுத்துப் பாட்டு நெடுகிலும் ஒட்டிவிட்டாய். அதே பாட்டுக்கு ஒரு பழைய நடன இசைத்தட்டிலிருந்து டிரம்ஸ் துண்டு, ஏதோ ஒரு லிஃப்டுக்குள் பேசும் பெண்ணின் "கதவு மூடுகிறது", இரண்டையும் யாரையும் கேட்காமல் சுட்டாய். இசைத்தட்டுக்காரர்கள் நோட்டீஸ் விட்டார்கள். லிஃப்ட் கம்பெனி விட்டது. நானும் விட்டேன்.

ஏன் விட்டேன் என்று உன் வீட்டார் இன்றுவரை என்னைக் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். ஆல்பத்தின் உறையில் நன்றி சொல்லும் இடத்தில் ஒயர் மாற்றிக் கொடுத்த எலக்ட்ரீஷியனின் பெயர்கூட இருக்கிறது. எனக்கு என்ன போட்டிருந்தாய்? "பின் வீட்டுக் குரல்." ஷெட்தானடா என் வீட்டுக்குப் பின்னால் இருக்கிறது! நோட்டீஸைப் பார்த்ததும் நீ ஓடிவந்து, "அத்தான், உங்க குரல் இல்லன்னா பாட்டே இல்ல" என்று கெஞ்சுவாய், நான் கொஞ்சம் பிகு பண்ணிக்கொண்டு பிறகு இறங்கிவருவேன் என்று கணக்குப் போட்டிருந்தேன். நீயோ, "சரி அத்தான், அழிச்சிடறோம்" என்றாய். அப்படி ஒரு பணிவை உன்னிடம் நான் அதற்கு முன்பும் கண்டதில்லை, பின்பும் கண்டதில்லை.

இப்போது ஆல்பத்தைத் திருத்தி வெளியிட்டிருக்கிறாய். டிரம்ஸ் துண்டுக்குப் பதிலாக உங்கள் டிரம்ஸ்காரன், நீங்கள் 'இடி' என்று கூப்பிடும் அந்தப் பயல், என் பழைய இரும்பு பீரோவைப் போட்டு மொத்துகிறான். லிஃப்ட் பெண்ணுக்குப் பதிலாக உன் அக்கா "கதவு மூடுகிறது" என்கிறாள். என்னோடு பேசும்போது அந்தக் குரலில் அவ்வளவு கனிவு வந்ததே இல்லை. என் கத்தலுக்குப் பதிலாக? உன் பெரிய அத்தான், என் அருமைச் சகலை! வார்த்தை என்னுடையது, தொண்டை அவருடையது. பாட்டில் என் பீரோ இருக்கிறது, என் மனைவி இருக்கிறாள், நான் மட்டும் இல்லை.

அந்த மனிதருக்குக் கத்த என்ன இருக்கிறது, சொல். உங்கள் வீட்டுக்கு முதல் மாப்பிள்ளையாக வந்த நாளிலிருந்து மின்விசிறிக்கு நேர் கீழே உள்ள நாற்காலி அவருடையது. எனக்கு வரவேண்டிய துறைத்தலைவர் பதவி என்னிடமே படித்த பயலுக்குப் போனபோது, "விடுங்க தம்பி, உங்களுக்கெதுக்கு அந்தத் தலைவலி?" என்று ஆறுதல் சொன்னவர் அவர். எனக்கு அந்தத் தலைவலி வேண்டும் என்று ஏன் ஒருத்தருக்கும் தோன்றவில்லை?

போன வாரம் கடைத்தெருவில் அவரும் நானும் பேசிக்கொண்டே நடந்துகொண்டிருந்தோம். அவர் குரலைக் கேட்டுவிட்டு, முடியைப் பச்சையாக்கிக்கொண்ட ஒரு கூட்டம் ஓடிவந்து, "சார், நீங்கதானே அது? ஒரு தடவ சொல்லுங்க சார்!" என்று அவரைச் சூழ்ந்துகொண்டது. அவரும் வெட்கப்பட்டுக்கொண்டு, காபி வேண்டுமா என்று கேட்கிற குரலில், "நிறுத்துங்கடா" என்றார். ஒரே கைதட்டல். ஒரு பெண் போனை என் கையில் திணித்து, "அங்கிள், எங்களை ஒரு போட்டோ எடுத்துத் தர்றீங்களா?" என்றாள். எடுத்தேன். அவர் தலை மட்டும் அதில் விழவில்லை. அது தற்செயல்.

இதையெல்லாம்கூடப் பொறுத்துக்கொள்வேன். ஆனால் என் மகள் அந்த வாக்கியம் அச்சடித்த பனியனைப் போட்டுக்கொண்டு கல்லூரிக்குப் போகிறாள். "அது நான் சொன்னதும்மா" என்றேன். "தெரியும்ப்பா. ஆனா பெரியப்பா சொன்னதுதானே ஃபேமஸ்" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள். அன்று வகுப்பில் என்ன நடத்தினேன் என்று எனக்கே நினைவில்லை.

ஆகவே இதனால் தெரிவிப்பது: குரலை எடுத்தது போதாது. வாக்கியமும் என்னுடையது, அதையும் எடுத்துவிடு. பாட்டை இன்னொரு முறை திருத்து. இல்லையென்றால் இன்னொரு நோட்டீஸ் வரும். இனி நீயே நேரில் வந்து காலில் விழுந்தாலும் அந்த ஷெட்டுக்குள் நான் கால் வைக்க மாட்டேன்.

மற்றபடி, நீ நீண்ட ஆயுளோடும் நல்ல காதுகளோடும் வாழ என் ஆசிகள். வேளைக்குச் சாப்பிடு.

இப்படிக்கு,
உன் சின்ன அத்தான்
(இந்தச் "சின்ன" நீங்கள் வைத்தது)

பி.கு.: இதை உறையில் போடும்போது இடி வந்து வாசலில் நின்றான். "சார், ஆல்பம் கம்பெனியில பெரியவர் குரல் வேணாங்கறாங்களாம். அவர் கத்துனா 'சாப்பிட்டீங்களா'ன்னு விசாரிக்கற மாதிரி இருக்காம். உங்க பழைய கத்தல நாங்க அழிச்சுத் தொலைச்சிட்டோம். வந்து ஒரு தடவ கத்திட்டுப் போறீங்களா?" என்றான். நீதான் போனில் சொன்னாயாம். இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு போனேன். மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றது என் மகள். வாயைத் திறந்தேன், "நிறுத்துங்கடா" என்பது வரவேற்புரை போல வந்தது. மறுபடி சொன்னேன், வாழ்த்துரை போல வந்தது. "சார், கொஞ்சம் கோவமா" என்று இடி கெஞ்சினான். என்ன செய்வது, வாய் காதுவரை போய்விட்டது, திரும்பி வரமாட்டேன் என்கிறது. மகள் மைக்கைத் தாழ்த்திவிட்டாள். அப்போது வேடிக்கை பார்க்க வந்திருந்த சகலை எழுந்துவந்து என் தோளில் கைபோட்டு, "ரொம்ப சுலபம் தம்பி. நான் சொல்லித் தரட்டுமா?" என்றார்.

பீரோ இன்னும் அதிர்ந்துகொண்டிருக்கிறது. ஒரே முறைதான் கத்தினேன், பதிவாகிவிட்டது. "அப்பா!" என்றாள் மகள்.

மேலே உள்ளதைக் கிழித்துவிடு. ஆல்பத்தின் உறையில் நன்றி சொல்லும் இடத்தில் சகலையின் பெயரையும் போடு. அவர் இல்லையென்றால் எனக்கு அது வந்திருக்காது. எழுத்து மட்டும் சின்னதாக இருக்கட்டும்.