துரை விழுங்காத மாத்திரை

மாமனார் வீட்டில் ஒரு மாப்பிள்ளை சொல்லவே கூடாத வார்த்தை ஒன்று உண்டு. "இதெல்லாம் ஒரு வேலையா, நான் பாத்துக்கிடுதேன்" என்பதுதான் அது. (எண்ணிப் பார்த்தால் ஐந்து வார்த்தை. சொல்லும்போது ஒரே மூச்சில் வந்துவிடும்.)

கல்யாணமான புதிதில், ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரனான நான் ராஜபாளையத்தில் மாமனார் வீட்டில் தங்கி, ஒரு பேண்டேஜ் துணிக் கம்பெனிக்கு வேலைக்குப் போய்க்கொண்டிருந்தேன். அந்த வீட்டின் உண்மையான மாப்பிள்ளை துரை. வெள்ளை வெளேரென்ற உடம்பும் ரோஸ் நிற மூக்குமாக, அசல் ராஜபாளையம் நாய். மாமனாரைத் தவிர வேறு யாரையும் அது மதித்து நான் பார்த்ததில்லை. கம்பி வேலியைத் தாண்டியபோது அதன் பின்னங்கால் கிழிந்து சீழ் வைத்துவிட்டது. கால்நடை டாக்டரம்மா ஆன்டிபயாடிக் மாத்திரை எழுதிக் கொடுத்திருந்தார். காலையும் சாயங்காலமும் தவறக்கூடாது. புண் ஆறின மாதிரி தெரிந்தாலும் பாதியில் நிறுத்தக்கூடாது.

அந்த நேரம் பார்த்து வத்திராயிருப்பில் நெருங்கிய சொந்தத்தில், நாலு நாள் தங்கி வரவேண்டிய ஒரு காதுகுத்து வந்தது. துரையை நினைத்து மாமனார் போகத் தயங்கினார். அப்போதுதான் மேற்படி வார்த்தையைச் சொன்னேன்.

"கடிக்க மாட்டான் மாப்ள. ஆனா வாயத் தொறக்க மாட்டான்" என்றார்.

"நீங்க நிம்மதியா போயிட்டு வாங்க மாமா."

என்னைத் தவிர வீட்டில் எல்லோரும் பஸ் ஏறிய அன்று சாயங்காலம் மாத்திரையோடு துரையின் முன்னால் உட்கார்ந்தேன். கெஞ்சினேன், அதட்டினேன். பூட்டிய கடையின் ஷட்டர்கூட ஆட்டினால் கொஞ்சம் அசையும். துரையின் வாய் அசையவில்லை. அப்போது எனக்குள் இருந்த ஸ்ரீவில்லிபுத்தூர் ரத்தம் விழித்துக்கொண்டது. பால்கோவாவை உருட்டி, நடுவில் மாத்திரையைப் புதைத்து நீட்டினேன். துரை பதமாக வாயில் வாங்கி, தன் சாக்குக்குப் போய்ப் படுத்தது. செத்த நேரத்தில் உதட்டை நக்கியது. நான் உடனே மனைவி செல்விக்கு போன் போட்டேன்.

"முடிஞ்சுது. எம்புட்டு ஈசி தெரியுமா? உங்கப்பாட்ட சொல்லு."

அதன்பிறகு வேளை தவறாமல் பால்கோவா போனது, வேளை தவறாமல் போனும் போனது. துரைக்கு வயிற்றுப்போக்கு வந்தது. காலும் வீங்கியது. மருந்து உள்ளே வேலை செய்கிறது என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன்.

ஊரிலிருந்து திரும்பிய மாமனார் துரையைத் தொட்டுப் பார்த்தார். உடம்பு கொதித்தது. எழுந்து வாலாட்டக்கூட அதற்குத் தெம்பில்லை. படுக்கையைச் சரிசெய்ய அவர் சாக்கைத் தூக்கினார். கீழே அத்தனை மாத்திரைகளும் கிடந்தன. ஒன்றில்கூடப் பால்கோவா ஒட்டியிருக்கவில்லை.

மாப்பிள்ளையைத் திட்டுவது அவர்கள் குடும்பத்தில் வழக்கமில்லை. எனவே அவர் துரையைத் திட்டினார்.

"ஏலே, தெரியலன்னா தெரியலன்னு சொல்லணும்லா? வாய்க்குள்ள போனா பத்தாது, வயித்துக்குள்ள போச்சான்னு பாக்கண்டாமா?"

துரை என்னைப் பார்த்தது. நான் சுவரைப் பார்த்தேன்.

டாக்டரம்மா புண்ணைக் கீறிச் சீழை எடுத்தபோது துரை முனகியது. பரிகாரமாக ஒரு யோசனை சொன்னேன்.

"விட்டுப்போன மாத்திரையெல்லாம் மொத்தமா குடுத்துரலாமா டாக்டர்? இல்லன்னா, எனக்கு தொண்டை வலிக்கு வாங்குனதுல மிச்சம் இருக்கு."

மாமனாரிடம் முழுக் கதையையும் ஏற்கெனவே கேட்டிருந்த அவர் கையுறையைக் கழற்றாமலே திரும்பினார். "காதுகுத்துக்குப் போகாம விட்ட சாப்பாட்டையெல்லாம் இன்னைக்கு ஒரே பந்தியில சாப்பிடுவீங்களா? மனுசனுக்கு எழுதுனத நாய்க்குக் குடுக்கவே கூடாது. ஒரு வேளை மறந்தா, டபுளா குடுக்காம எங்கிட்ட கேளுங்க. பால்கோவாவும் வேண்டாம்."

பிறகு எடை பார்த்து வேறு மாத்திரை எழுதினார். மேல்தாடையைப் பிடித்து வாயைத் திறந்து, நாக்கின் அடிப்பகுதியில் மாத்திரையை வைத்து, வாயை மூடித் தொண்டையைத் தடவிக் காட்டினார். முழுங்கிய பிறகு கொஞ்சம் தண்ணீரும் குடிக்க வைத்தார்.

அந்த மாத்திரைகள் தீரும்வரை நானேதான் கொடுத்தேன். முழங்கை வரை எச்சில். கடைசி மாத்திரை தீர்வதற்குள் துரை என் செருப்பைக் கவ்விக்கொண்டு தெருவில் ஓட ஆரம்பித்திருந்தது. துரத்தி ஓடிய எனக்குத்தான் கால் சுளுக்கியது.

இன்றைக்கும் எனக்குக் காய்ச்சல் வந்தால் செல்வி மாத்திரையைக் கொடுத்துவிட்டு நகர்வதில்லை. வாயைத் திறக்கச் சொல்லி, நாக்கைத் தூக்கச் சொல்லிப் பார்க்கிறாள். "முழுங்கிட்டாவ" என்று அவள் அறிவித்த பிறகும் மாமனாருக்குத் திருப்தி வராது. கூடத்தில் இருந்தபடியே குரல் கொடுப்பார்:

"எதுக்கும் தலகாணிக்கு அடியில ஒரு தடவ பாத்துரும்மா."