கோட்டை பிடிக்கும் அண்ணை

லண்டன் தமிழர்களில் பாரிசுக்குப் போகாதவர் யாரும் இல்லை. ஆனால் பிரான்சுக்குப் போனவர் ஒரே ஒருவர்தான். அவர் எங்கள் கோட்டை அண்ணை.

மற்ற நாங்கள் எல்லாரும் பாரிசின் தமிழ்க் கடைத்தெருவான லா சப்பலில் போய் இறங்குவோம். சேலை பார்ப்போம், நகை பார்ப்போம், பெரியம்மாவின் மகள் வீட்டில் நண்டுக்கறியோடு சாப்பிடுவோம், ஈபிள் கோபுரத்தைக் காருக்குள் இருந்தபடியே பார்த்துவிட்டுத் திரும்பிவிடுவோம். கோட்டை அண்ணை அந்தப் பக்கமே போனதில்லை. கேட்டால், "பாரிஸ் எண்டால் என்ன தம்பி, பாசை விளங்காத எங்கடை டூட்டிங். அதுக்கு ஏன் கப்பல் ஏறுவான்?" என்பார். அவர் போவதெல்லாம் வரைபடத்தில் பூதக்கண்ணாடி வைத்துத் தேடவேண்டிய ஊர்களுக்கு. அங்கே மாடு நிற்கும், கோதுமை நிற்கும், மழை பெய்யும். எங்காவது ஒரு இடிந்த சுவர் இருக்கும். அந்தச் சுவருக்காகத்தான் அவர் போவார்.

ஊரில் சண்டை தொடங்குவதற்கு வெகுகாலம் முன்னரே கணக்கியல் படிக்க லண்டன் வந்தவர். படிப்பு முடியவில்லை. தபால் பிரிக்கும் இடத்தில் ஷிப்ட் வேலை கிடைத்தது, அதிலேயே நின்றுவிட்டார். கல்யாணம் கட்டவில்லை. லண்டன் டூட்டிங்கில் நாங்கள் வாடகைக்கு இருந்த வீட்டின் மேல்மாடி அறை அவருடையது. சொந்தப் பெயர் கவுன்சிலுக்கு மட்டும் தெரியும். கோடையிலும் மழைக்கோட்டுப் போடுவார். அதன் பையில் ஒரு அளவு நாடா கிடக்கும். பழைய சுவரைக் கண்டால் அளப்பார், ஆனால் அளந்ததை எங்கும் குறிக்கமாட்டார். ஏன் அண்ணை என்று ஒருநாள் கேட்டேன். "எழுதி என்ன செய்யிறது? சுவர் எங்கையும் ஓடாதுதானே."

பட்டப்பெயர் வந்ததற்குக் காரணம் நாடா இல்லை. எந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும் அதை எப்படிப் படையெடுத்துப் பிடிப்பது என்றுதான் அவருக்கு யோசனை ஓடும். தமிழ்க் கடைக்குக் கத்தரிக்காய் வாங்கப் போனால் வாசலில் நின்று அண்ணாந்து பார்ப்பார். "இந்தக் கடையைப் பிடிக்கிறதெண்டால் முன்னாலை வரக்கூடாது தம்பி. பின்னாலை, மீன் இறக்கிற கதவாலை வரவேணும். வெங்காய மூட்டையளை மறிச்சு அடுக்கினால் ஒரு கிழமை நிண்டு பிடிக்கலாம்." ஒரு கல்யாண வீட்டில், தாலி கட்டுகிற நேரம் பார்த்து, பெண்ணின் தகப்பனுடைய காதில், "மண்டபம் திறம். ஆனால் சமையல் பக்கம் காவல் காணாது" என்று சொல்லிவிட்டார். தகப்பன் வேறு விதமாக விளங்கிக்கொண்டு, வடையைப் பார்த்துக்கொள்ள இரண்டு மைத்துனர்களை அனுப்பிவைத்தார்.

சிரிப்பாகத்தான் இருக்கும். லண்டன் ரயில்களில் குண்டு வெடித்த அந்தக் கோடையில் மட்டும் சிரிப்பு வரவில்லை.

தேம்ஸ் கரையில் உள்ள பழைய கோட்டையைக் காட்டுகிறேன் என்று என்னையும் என் மனைவி சுகந்தியையும் அழைத்துப் போனார். அகழிக்கரையில் நின்று கொண்டு, ஆற்றுப் பக்கத்தால் எப்படி உள்ளே நுழைவது என்று உரத்த ஆங்கிலத்தில் விளக்கத் தொடங்கினார். புத்தகத்துப் போர்ச்சொற்கள் அவருக்குத் தமிழில் வராது. நல்ல வெயில். உடம்பில் மழைக்கோட்டு, முதுகில் பெரிய பை, பக்கத்தில் நாங்கள் இரண்டு பேர். திரும்பிப் பார்த்தால் துப்பாக்கியோடு இரண்டு பொலிஸ்காரர்கள் எங்களை நோக்கி நடந்து வருகிறார்கள்.

கையை வெளியே எடுக்கச் சொன்னார் ஒருவர். அண்ணையின் கை கோட்டுப் பைக்குள் நாடாவைச் சுருட்டிக்கொண்டிருந்தது. அது 'சர்ர்' என்று ஒரு சத்தம் போட்டது. சுகந்தியின் நகம் என் கையில் இறங்கிவிட்டது. பிறகு அண்ணை மெதுவாகக் கையை எடுத்தார், நாடாவைக் காட்டினார், பையைத் திறந்தார். தேத்தண்ணிப் போத்தலும் சாப்பிட மூன்று பணிசும் ஒரு மடக்குக் கதிரையும் வெளியே வந்தன.

எந்தத் தாக்குதலைப் பற்றிப் பேசினீர்கள் என்று பொலிஸ்காரர் கேட்டார். ஆயிரத்து நூறாம் ஆண்டு வாக்கில் நடந்திருக்க வேண்டியதைப் பற்றி என்றார் அண்ணை. பொலிஸ்காரர் அவரையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அப்படியென்றால் அது எங்கள் ஷிப்ட் இல்லை" என்று சொல்லிப் போய்விட்டார்.

அன்று இரவுச் சாப்பாட்டில் சுகந்தி ஒரு வசனம் சொன்னாள். "துவக்குக்கு முன்னாலை பகிடி விடுற ஆக்களோடை இனி நான் வரமாட்டன்."

அவள் சண்டைக் காலம் முழுவதும் ஊரிலேயே இருந்தவள். சமாதானம் வந்து பாதை திறந்தபோதுதான் வந்து என்னைக் கட்டினாள். நான் பள்ளிக்கூடக் காலத்திலேயே வெளியேறியவன். இடையில் நடந்ததைப் பற்றி அவளும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை.

ஆனாலும் அடுத்த வசந்தத்தில் அண்ணை வேனைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தி, "தங்கச்சி, கோட்டை இல்லை. மாடு, அப்பிள் தோட்டம், சின்ன ஒரு ஆறு" என்று இறைஞ்சியபோது அவள் ஏறிவிட்டாள். ஆட்டையும் மாட்டையும் கண்டு கனகாலம் என்றாள்.

பிரான்சின் கரையில், கலேயில், கப்பலை விட்டு இறங்கியதும் அண்ணை லண்டனில் போலவே வேனை இடது பக்கம் ஓட்டினார். "வலது பக்கம், அண்ணை" என்றேன். "தெரியும். அவையள் ஏன் அப்பிடி ஓடுகினம் எண்டதுதான் விளங்கேல்லை" என்று சொல்லிக்கொண்டே ஒரு உழவு இயந்திரத்துக்கு நேரே போய், கடைசி நொடியில் விலகினார். பெல்ஜிய எல்லைக்குப் பக்கத்தில் அந்தக் கிராமத்தைச் சேரும்போது எனக்குச் சட்டை நனைந்துவிட்டது.

ஊர் நிசமாகவே அழகு. அப்பிள் பூத்திருந்தது. மாடுகள் வேலிக்கு மேலால் தலையை நீட்டி எங்களைப் பார்த்தன. நடுவில் செங்கல்லால் கட்டிய ஒரு தேவாலயம். அதைப் பார்த்ததும் கோட்டை இல்லை என்ற அண்ணையின் பேச்சு பொய்யென்று தெரிந்துவிட்டது. இரண்டு பக்கமும் தடித்த கோபுரங்கள், அம்பு எய்ய ஓட்டைகள். படைகள் வந்து ஊரைக் கொளுத்திய காலத்தில் சனம் உள்ளே போய்க் கதவடைத்துக்கொள்ளுமாம். அண்ணைக்குக் கண் கலங்கிவிட்டது. "கோயிலே கோட்டை, தம்பி" என்று நாடாவை எடுத்தார்.

நாங்கள் தங்கியிருந்தது ஜெரார் என்ற விவசாயியின் வீட்டில். அவருக்கு ஆங்கிலம் தெரியாது, எங்களுக்குப் பிரெஞ்சு தெரியாது. அண்ணை ஆங்கிலத்தையே மெதுவாக, உரத்து, வசனத்துக்கு ஒரு பிரெஞ்சு 'முசியே' சேர்த்துப் பேசினார். ஜெரார் தலையாட்டினார். அதன் பலனாக மறுநாள் மத்தியானத்துக்குச் சற்று முன் அவர் ஒரு திறப்போடு வந்து, தேவாலயத்துக்குப் பின்னால் ஒரு மேட்டுக்குக் கூட்டிப்போனார். மேட்டில் இருந்த ஒரு இரும்புக் கதவை அந்தத் திறப்பால் திறந்தார். உள்ளே படிகள் இறங்கின. சுண்ணாம்புப் பாறையைக் குடைந்து, படைகள் வந்த காலத்தில் ஊர்ச்சனம் முழுவதும் மாட்டோடு ஒளிந்திருந்த சுரங்கம் அது. வாசலில் விளக்குக்கு ஒரு ஆளி. அதை அழுத்திக் காட்டிவிட்டு, வயிற்றைத் தடவி, சாப்பிட்டுவிட்டு வருகிறேன் என்று சைகை செய்து ஜெரார் போய்விட்டார்.

சுகந்தி கதவைப் பார்த்தாள். "நீங்கள் போட்டு வாங்கோ. எனக்குக் கால் நோகுது" என்று வெளியே ஒரு கல்லில் உட்கார்ந்தாள். தனியாக இருக்கிறாளே என்று என் கைத்தொலைபேசியை அவளிடம் கொடுத்துவிட்டுப் போனேன்.

உள்ளே வெள்ளைச் சுவர்கள், குளிர். தெருக்கள் போலப் பாதைகள் பிரிந்தன, பக்கத்தில் சின்னச் சின்ன அறைகள். அண்ணை முன்னால் போனார். இடம், வலம், பிறகு மறுபடி இடம். "இதை வெட்டினவன் மூளைசாலி" என்று ஒரு மூலையை அளக்கக் குனிந்தார். அப்போது விளக்கு அணைந்தது.

அது மறுபடி எரியும் என்று நின்றோம். எரியவில்லை. கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒன்றுதான்.

"அண்ணை, டோர்ச்?"

"வேனுக்கை."

பிறகு அவருடைய மூச்சுத்தான் கேட்டது. வர வர வேகமாக, மேலோட்டமாக. தடவிப் பார்த்தேன். நிலத்தில் இருந்துவிட்டார். கை ஐஸ் மாதிரி இருந்தது, வியர்த்தும் இருந்தது. அவருக்கு இரத்த அழுத்தக் குளிசை உண்டு என்பது நினைவுக்கு வந்தது.

"தம்பி, மூச்சு எடுக்க ஏலாமல் கிடக்கு. என்னை விட்டிட்டுப் போகாதை."

நூறு கோட்டைகளைப் பிடித்த மனிதர் என் முழங்காலைப் பிடித்துக்கொண்டிருந்தார். எந்தப் பக்கத்தால் வந்தோம் என்று எனக்கும் தெரியவில்லை. சுகந்தியின் பெயரைச் சொல்லிக் கத்தினேன். சத்தம் எல்லாப் பக்கத்தாலும் திரும்பி வந்தது. திரும்பத் திரும்பக் கத்தினேன். தொண்டை அடைத்துப்போன பிறகு, மிகத் தூரத்தில் அவள் குரல் கேட்டது.

"ஆளியை அமத்திப் பாத்திட்டன். எரியேல்லை. ரெண்டு பேரும் இருந்த இடத்திலையே இருங்கோ. நான் வாறன்."

"நீ வராதை. போய் ஜெராரைக் கூட்டிக்கொண்டு வா."

"அவர் எங்கை போனாரோ தெரியாது. அண்ணைக்கு என்ன?"

"மூச்சு எடுக்கேலாதாம்."

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. பிறகு அதே குரல், ஆனால் உள்ளே இருந்து வந்தது. "கதைச்சுக்கொண்டே இருங்கோ. சத்தத்துக்கு வாறன்."

நான் பேசினேன். என்ன பேசினேன் என்று தெரியாது. அண்ணையின் மூச்சு விசில் அடிக்கத் தொடங்கியிருந்தது. சுகந்திக்கு அது கேட்டிருக்க வேண்டும்.

"அண்ணை" என்று கூப்பிட்டாள். "அண்ணை, இந்த இடத்தைப் பிடிக்கிறதெண்டால் எப்பிடிப் பிடிப்பியள்?"

என் முழங்காலில் அண்ணையின் பிடி இறுகியது.

"சொல்லுங்கோ. உங்களுக்குத் தெரியாததே."

"வாசல்..." என்றார் அண்ணை. ஒரு மூச்சு. "வாசலாலை... இறங்கக் கூடாது. ஒடுக்கம்." இன்னொரு மூச்சு, முந்தியதைவிடக் கொஞ்சம் நீளம். "வாசலிலை வைக்கோலைக் கொளுத்தவேணும். புகை உள்ளுக்கை போகும். உள்ளுக்கை இருக்கிற சனம் மூச்சு முட்டி, தாங்களாவே வெளியிலை..."

அந்த இடத்தில் நிறுத்திவிட்டார். யாரிடம் சொல்லிக்கொண்டிருக்கிறார் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்திருக்க வேண்டும்.

"ஓம்" என்றாள் சுகந்தி. இப்போது பக்கத்தில் கேட்டது. "வருவினம். முதல் பிள்ளையளைத்தான் வெளியிலை விடுவினம்."

மூலையில் மங்கலாக ஒரு பச்சை வெளிச்சம் திரும்பியது. என் தொலைபேசி. அதற்குப் பின்னால் அவள் முகம். வலது உள்ளங்கை சுவரில் பதிந்தபடி இருந்தது. அவள் அண்ணைக்கு முன்னால் குந்தி, "என்னோடை சேர்ந்து மூச்சை விடுங்கோ. விடுறதுதான் முக்கியம், எடுக்கிறது தானா வரும்" என்றாள். இருவரும் மூச்சு விட்டார்கள். கொஞ்சம் கொஞ்சமாக அந்த விசில் நின்றது.

"எழும்புங்கோ. இடக்கையைச் சுவரிலை வைச்சுக்கொண்டு என்ரை தோளைப் பிடியுங்கோ. சுவரிலை இருந்து கையை எடுக்காதேங்கோ."

பாதை பிரிந்த இடங்களில் அவள் யோசிக்கவே இல்லை, வரும்போது வலக்கையால் தொட்டு வந்த அதே சுவரையே நம்பிப் போனாள். கடைசியில் படி காலில் தட்டியது. வெளியே வந்தபோது ஜெரார் ஒரு பாணும் பாலாடைக் கட்டியுமாகச் சிரித்துக்கொண்டு வந்தார். எங்கள் முகங்களைக் கண்டதும் பாணைப் புல்லில் போட்டுவிட்டு ஓடிவந்தார். அப்போதுதான் சுகந்தி நடுங்கத் தொடங்கினாள். அண்ணை மழைக்கோட்டைக் கழற்றி அவளைப் போர்த்தினார். அந்தக் கோட்டு இல்லாமல் அவரை நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. மெலிந்த, வயதான ஒரு மனிதர்.

அடுத்த நாள் காலை வயல் பாதையால் நடந்தோம். அவர் எங்களைக் கூட்டிவந்ததற்கு உண்மையான காரணமான இடிந்த கோட்டை அந்தப் பாதையின் ஓரத்தில்தான் இருந்தது. நாங்கள் வருவதை அது பார்த்துக்கொண்டு நின்றது. அண்ணை அதைத் திரும்பியும் பார்க்காமல் கடந்தார். சுகந்தியின் கைப்பையை வாங்கித் தன் தோளில் போட்டுக்கொண்டிருந்தார்.

"தங்கச்சி, நான் ஒண்டு கேட்கலாமோ?"

"கேளுங்கோ."

"ஊரிலை குண்டுக்கு ஒளிக்கிற உங்கடை பங்கருக்கு ரெண்டு வாசல் வைக்கிறனீங்களோ?"

"ஓம். ஒண்டு மூடுப்பட்டால் மற்றது வேணுமே."

"ஆர் வெட்டினது?"

"ஐயாவும் நானும். ஐயா போனபிறகு நான்."

அவளும் தகப்பனும் எத்தனை இடம் மாறினார்கள், எத்தனை தரம் புதிதாக வெட்டினாள், எந்த ஊர் மண் இளகியது, எது கல்லு, யார் யார் அதற்குள் இருந்தார்கள், யார் ஒருநாள் வெளியே போய்த் திரும்பி வரவில்லை என்று அவள் சொல்லிக்கொண்டே நடந்தாள். அவர் கைப்பையைத் தோளில் இறுக்கிக்கொண்டு அவளோடு ஒட்டி நடந்தார். அப்பிள் தோட்டம் வந்தது, ஆறு வந்தது, மாடுகள் வந்தன. ஒன்றுக்கும் அவர்கள் நிற்கவில்லை. நான் சற்றுப் பின்னால், சத்தம் போடாமல் நடந்தேன். என் மனைவிக்கு மண்வெட்டி பிடிக்கத் தெரியும் என்பதே எனக்கு அன்றுதான் தெரியும்.

அண்ணை ஓய்வு பெற்று, கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற ஊருக்குப் போய்விட்டார். முழங்கால் சரியில்லை, பிரான்சும் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் போன் எடுப்பார். என்னிடம் சுகம் கேட்பதில்லை. "தங்கச்சி நிக்கிறாவோ?" என்பார். நான் கொடுத்துவிட்டுத் தேத்தண்ணி போடப் போவேன். அது ஆறிப் போகும்வரை இருவரும் கதைப்பார்கள். என்ன கதைக்கிறார்கள் என்று நான் கேட்பதில்லை. ஆனால் ஏதாவது ஒரு ஞாயிறு அந்தப் போன் வரக் கொஞ்சம் பிந்தினால், வீட்டுக்குள் அடிக்கடி மணிக்கூட்டைப் பார்ப்பது அவள் மட்டும் இல்லை.