அப்ரூவல் ஆகாத ஜீப்

தேர்ந்தெடுக்கிறவர் என்று ஓர் இனம் நம் நடுவில் உலவுகிறது. வாங்குகிறவர் வேறு, இவர் வேறு, குழப்பிக்கொள்ளாதீர்கள். வாங்குகிறவர் கடைக்குப் போவார், விலை கேட்டு முகம் சுளிப்பார், வாங்கிக்கொண்டு வருவார், அப்புறம் ஏமாந்துவிட்டேன் என்று ஒரு வாரம் புலம்புவார். தேர்ந்தெடுக்கிறவருக்கு அந்தப் புலம்பல் கிடையாது. எப்படி இருக்கும்? அவர்தான் எதையும் வாங்குவதே இல்லையே.

இந்த இனத்துக்கு ஊருக்கு ஊர் தீனி வேறு. சில ஊரில் மிக்ஸி, சில ஊரில் மாப்பிள்ளை. எங்கள் திருப்பூர்ப் பக்கத்தில் இப்போது ஜீப்புக்குப் போடும் லாங் ஆர்ம் கிட். காட்டு வழியில் ஓட்டுவதற்காக ஜீப்பை நாலைந்து இன்ச் உயர்த்துகிறார்கள் அல்லவா, அப்படி உயர்த்தினால் அச்சையும் அடிச்சட்டமான சேஸையும் இணைக்கிற குட்டை இரும்புக் கைகள் செங்குத்தாக நின்றுகொண்டு ஒவ்வொரு பள்ளத்திலும் இடுப்பை ஒடிக்குமாம். அதற்குப் பதில் நீளமான கை போட்டால் சக்கரம் தாராளமாக ஏறி இறங்குமாம். இவ்வளவுதான் விஷயம். இதை எனக்கு நூற்றுப் பதினோரு முறை விளக்கியிருக்கிறார்கள்.

விளக்கியவர் தங்கராஜ். அவிநாசிபாளையத்துக்குப் பக்கத்தில் பனியன் கம்பெனி வைத்திருக்கிறார். அடுத்த கட்டடத்தில் லேபிள் அச்சடிக்கிறவன் நான். காலைப் பதினோரு மணி டீக்கு அவர் என்னிடம்தான் வருவார், அதனால் என் சாட்சியத்தை நீங்கள் தாராளமாக நம்பலாம். நல்ல மனிதர். யாருக்கும் கெடுதல் நினைத்ததில்லை. யாருக்கும் ‘சரி’ என்று சொன்னதும் இல்லை.

அவரை மட்டும் குறை சொல்லவும் மனம் வரவில்லை. எங்கள் தொழில் அப்படி. ஒரு டீ சட்டை கப்பல் ஏறுவதற்குள் எத்தனை முறை பிறக்கிறது தெரியுமா? முதலில் ஒரு சேம்பிள் போகும். கழுத்து அரை சென்டிமீட்டர் அகலம் என்று குறிப்போடு திரும்பும். திருத்தி அனுப்பினால் நிறம் ஒரு மாற்றுக் குறைவு என்று வரும். அதையும் திருத்தினால் துவைத்த பிறகு எவ்வளவு சுருங்குகிறது, ஷ்ரிங்கேஜ் என்ன என்று கேள்வி வரும். எல்லாவற்றுக்கும் பதில் சொல்லி முடித்து, அப்ரூவல் என்ற ஒற்றைச் சொல்லுக்காகக் கணினியைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால், பட்டன் மாறியிருக்கிறது என்று கடிதம் வரும். இருபது வருஷமாக எவனோ ஒருவனுடைய அப்ரூவலுக்குக் காத்திருந்த மனிதர் தங்கராஜ். வாழ்க்கையில் முதல் முறையாக, அப்ரூவல் கொடுக்கிற நாற்காலி அவருக்குக் கிடைத்தது. அவ்வளவு சுலபத்தில் எழுந்துவிடுவாரா?

கிட் விற்கும் கோவைக்காரரோடு அவர் பேசியது என் மேஜையில், ஸ்பீக்கரில்.

“சேம்பிள் ஒண்ணு அனுப்புங்க. பாத்துப்போட்டு அப்ரூவல் தர்றனுங்க.”

“ஏனுங்க, இது இரும்புங்க. சேம்பிளுன்னு எதைய அனுப்பறதுங்க?”

“ஒரு கை மட்டும் அனுப்புங்களே.”

“ஒத்தக் கைய வெச்சு என்னுங்க பண்ணுவீங்க?”

“அளந்து பாக்கோணும்ங்க. அப்பறம், அந்த ஸ்பிரிங்குல ஷ்ரிங்கேஜ் எவ்வளவு வருமுங்க?”

கோவைக்காரருக்கும் பனியன் கம்பெனியில் பங்காளி யாராவது இருக்க வேண்டும்.

“தொவைக்கறதுக்கு முந்தியாங்க, தொவச்ச பொறகாங்க?” என்றார்.

தங்கராஜ் அதையும் குறித்துக்கொண்டார். அதற்கென்று ஒரு ஃபைல் இருக்கிறது. பதினேழு கிட், இருபத்து மூன்று கேள்வி. மூன்று கையா, நான்கு கையா? மூட்டில் ரப்பரா, இரும்பா? பிராக்கெட்டை சேஸில் வெல்டிங் வைப்பதா, போல்ட் போடுவதா? உயர்த்தினால் பிரேக் குழாய் எட்டுமா? ஆர்.டி.ஓ. பார்த்தால் என்ன சொல்வார்? நாலு இன்ச்சா, ஆறு இன்ச்சா? கறுப்பு நிறத்துக்கு ஷேடு கார்டு உண்டா? ஒரு கிட் எல்லாக் கேள்வியிலும் தேறிவிட்டால் தங்கராஜின் முகம் வாடிவிடும். மறுநாளே இருபத்து நான்காவது கேள்வியோடு வருவார்.

இதில் ஜீப்பின் கதி என்ன என்று கேட்கிறீர்கள். புதுசு அடுத்த வாரம் வந்துவிடும் என்று இவர் சொன்ன சொல்லை நம்பி, மெக்கானிக் ராபின் தை மாதமே பழைய கைகளையும் ஸ்பிரிங்கையும் கழற்றிவிட்டார். தூத்துக்குடிப் பக்கத்துக்காரர், சொன்ன சொல்லை நம்புகிற பழக்கம் இன்னும் போகவில்லை. அன்றிலிருந்து ஜீப் கம்பெனி ஷெட்டில் நான்கு ஸ்டாண்டின் மேல் சக்கரம் தொங்க நிற்கிறது. பனியன் செக்கிங் பெண்கள் அதன் கண்ணாடியில் சாப்பாட்டுப் பையை மாட்டுகிறார்கள்.

“அண்ணாச்சி, பழசையே மாட்டித் தாரேன். ரெண்டு மணி நேரச் சோலி,” என்று ராபின் மாதம் ஒரு முறை கேட்பார்.

“மாட்டிப்போட்டு மறுக்காக் கழட்டோணுமல்ல. பொறுங்க, முடிவாகற ஸ்டேஜுல இருக்குது,” என்பார் இவர். ஏழு மாதமாக அந்த ஸ்டேஜில்தான் இருந்தது.

இதுவரைக்கும் வேடிக்கைதான். யாருக்கு நஷ்டம்? ஒரு ஜீப் சும்மா நின்றால் பெட்ரோல் மிச்சம். ஆனால் தேர்ந்தெடுக்கிறவருக்கும் ஒரு தங்கை இருப்பாள். அதை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை.

தங்கராஜின் தங்கை தரணிக்குக் கூடப்பிறந்தவர் இவர் ஒருவர்தான். அவள் மகன் ரித்தீஷுக்கு மூன்று வயது. குழந்தைக்குக் காது குத்தும்போது தாய்மாமன் மடியில் உட்காரவைத்துத்தான் குத்துவார்கள் என்பது உங்களுக்குத் தெரியும். குத்துவது அவள் புகுந்த வீட்டுக் குலசாமி கோயிலில். தாராபுரம் சாலையிலிருந்து பிரிந்து, ஒன்றரைக் கிலோமீட்டர் இட்டேறியில் போக வேண்டும். இரண்டு பக்கமும் கிளுவை வேலி, நடுவில் கல்லும் குழியும். அந்த வழிக்கு என்றே கடவுள் ஜீப்பைப் படைத்தார் என்பது தங்கராஜின் கட்சி. கிட் போட்ட ஜீப்பில், மருமகனை மடியில் வைத்துக் கோயில் வரைக்கும் கொண்டுபோவதாக வாக்குக் கொடுத்தார். அந்த வாக்குக்காக வைகாசியில் வைத்திருந்த காதுகுத்தை அவள் ஆவணிக்குத் தள்ளினாள்.

“ஏனுங்ண்ணா, ஜீப்பு வருமல்ல? இல்லீன்னா நாங்க வேற வண்டி சொல்லிக்கறமுங்க,” என்று ஆவணி பிறந்ததும் போனில் கேட்டாள்.

“நீ பேசாம இரு கண்ணு. அது என்ர பொறுப்பு.”

விசேஷத்துக்கு முதல் நாள் மாலை நான் ஷெட்டில் எட்டிப் பார்த்தேன். ஜீப் ஸ்டாண்டில் நின்றது. பதினேழு கிட் இரண்டாகக் குறைந்திருந்தது. அது அவர் வரலாற்றிலேயே பெரிய முன்னேற்றம். தரணி அதற்குள் விவரம் தெரிந்து, கோயிலுக்குப் போக டிராக்டர் சொல்லிவிட்டாள்.

மறுநாள் கம்பெனி வேனில் கிளம்பினோம். தங்கராஜ், அவர் மனைவி சாரதாமணி, சீர்த் தட்டுகள், நான். ஓட்டியவர் அழகுமலை, மதுரைப் பக்கத்துக்காரர். ஒன்பதே முக்காலுக்கு இட்டேறி முனைக்குப் போய்விட்டோம். நல்ல நேரம் பத்தரை வரைக்கும். முந்தின நாள் மழையில் நடுவில் ஒரு குழி சேறாகிக் கிடந்தது.

“ஓரமா ஏத்தி எடுத்துரலாம் சார்,” என்றார் அழகுமலை.

“நிறுத்துங்க,” என்றார் தங்கராஜ். இறங்கினார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு குழிக்கு முன்னால் குந்தி உட்கார்ந்தார். ஏழு மாதம் படித்த பாடத்துக்குப் பரீட்சை எழுத இடம் கிடைத்துவிட்டது. அலைபேசியைத் தரையில் வைத்துச் சரிவை அளந்தார். சக்கரத்துக்கும் தரைக்கும் நடுவில் சாண் போட்டார். வேன் நுழைகிற கோணத்தில் முன்பக்கம் தட்டும், வெளியேறுகிற கோணத்தில் பின்பக்கம் தட்டும், லாங் ஆர்ம் இருந்தால் இந்தச் சக்கரம் கீழே இறங்கிக் கொடுக்கும்போது அந்தச் சக்கரம் மேலே போகும் என்று இரண்டு கையையும் ஏற்றி இறக்கி அழகுமலைக்கு விளக்கினார். அழகுமலை சம்பளம் வாங்குகிறவர், கேட்டுக்கொண்டு நின்றார்.

“ஏனுங்க, நேரமாகுதுங்க,” என்றாள் சாரதாமணி.

அப்போது தங்கராஜின் சித்தப்பா மகன் ஆத்தப்பன் மொபெட்டில் வந்து சேர்ந்தார். பத்தொன்பது வருஷமாக அதே மொபெட். தீவன மூட்டை, தேங்காய், ஆட்டுக்குட்டி எல்லாம் அதில்தான் போகும்.

“ஏறுங்கண்ணா, கொண்டுபோயி உட்டுடறேன்.”

“அதுக்கு சஸ்பென்ஷனே பத்தாது ஆத்தப்பா. நடுவுல உக்காந்துரும். பொறு, நான் ஒரு வழி பாக்கறேன்,” என்றார் தங்கராஜ், குழியிலிருந்து தலையை எடுக்காமல்.

சாரதாமணி ஒரு தட்டை மட்டும் எடுத்துக்கொண்டு மொபெட்டில் ஏறினாள். ஆத்தப்பன் இரண்டு காலையும் தரையில் ஊன்றி ஊன்றி, சேற்றைத் தாண்டிப் போய்விட்டார். நானும் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு நடந்தேன். ‘வாங்க, நடந்துடலாம்’ என்று நான் கூப்பிட்டதை அவர் காதில் வாங்கவில்லை. குழியைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்.

கோயிலில் மொட்டை அடித்துச் சந்தனம் பூசி ரித்தீஷ் தயாராக இருந்தான். ஆசாரி கம்பியை வைத்துக்கொண்டு கைக்கடிகாரத்தைப் பார்த்தார். அவருக்கு அவிநாசியில் இன்னொரு வீட்டில் வேலை இருந்தது. தரணி அண்ணனுக்கு மூன்று முறை போன் போட்டாள். மூன்று முறையும் வேறு யாருடனோ பேசிக்கொண்டிருப்பதாகவே வந்தது. யாருடன் என்று அப்புறம் தெரிந்தது: கோவைக்காரருடன். குழியின் படத்தை அனுப்பி, இதற்கு மூன்று கை தாங்குமா, நான்கு கையா என்று கேட்டுக்கொண்டிருந்தார்.

பத்து இருபத்தைந்துக்குத் தரணி இட்டேறிப் பக்கம் கடைசியாக ஒரு முறை பார்த்தாள். பிறகு திரும்பி, குழாயடியில் கால் கழுவிக்கொண்டிருந்தவரிடம், “ஆத்தப்பண்ணா, நீங்க உக்காருங்க,” என்றாள்.

“நானா அம்மிணி?”

“நீங்களும் மாமந்தானுங்க.”

ஆத்தப்பன் துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு சம்மணம் போட்டு உட்கார்ந்தார். பையன் வீறிட்டான். ஆத்தப்பனின் சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான். முடிந்துவிட்டது.

தங்கராஜ் நடந்துதான் வந்தார், பத்தே முக்காலுக்கு. பாதி வழியில் சாம்பார் அண்டாவும் சமையல்காரர்களுமாக ஒரு குட்டியானை வண்டி அவரைத் தாண்டி வந்தது. அதன் பின்னாலேயே காலி வேனை அழகுமலை ஓட்டிவந்து நிழலில் நிறுத்தினார். தங்கராஜ் யாரையும் பார்க்காமல் நேரே மருமகனிடம் போய்க் கையை நீட்டினார். வலியில் இருந்த குழந்தை. முகத்தை ஆத்தப்பனின் தோளில் புதைத்துக்கொண்டான். நீட்டிய கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் அவர் நின்றார். கண் கலங்கியிருந்தது. நான் அன்று சிரிக்கவில்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன்.

தரணி கோபப்படவில்லை. ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும்.

“சாப்ட்டுப்போட்டுப் போங்கண்ணா,” என்றாள், விருந்தாளிகள் எல்லோரிடமும் சொன்ன அதே குரலில்.

மறுநாள் பதினோரு மணிக்கு டீக்கு வந்தார். பாதி டீ குடித்தார். பிறகு, “அந்தக் குழியப் பாத்ததுக்கப்பறம் தெளிவாயிருச்சுங்க. நாலு கைதான்,” என்றார். டம்ளரை வைத்துவிட்டு எழுந்தார். வாசல் வரை போய்த் திரும்பினார். “மூட்டுதான் ரப்பரா இரும்பான்னு ஒரு சின்ன சந்தேகம்.”

நீங்கள் அப்படி இல்லை, எனக்குத் தெரியும். உங்களிடம் ஜீப்பே இல்லை. நீங்கள் பார்த்துக்கொண்டிருப்பது வேறு ஏதோ ஒன்று. அதற்கு நியாயமான காரணங்கள் இருக்கின்றன. அவசரப்பட்டு முடிவெடுக்கிற ஆள் நீங்கள் இல்லை. சரி. ஆனால், எல்லாவற்றையும் ஒரு முறை சரியாகப் பார்த்துக்கொண்டு வந்துவிடுகிறேன் என்று யாரிடமாவது வாக்குக் கொடுத்திருக்கிறீர்களா? கொடுத்திருந்தால் இப்போதே ஒரு போன் போட்டு விசாரியுங்கள். கோபமாகப் பேசினால் பிழைத்தீர்கள். வந்து சாப்பிட்டுவிட்டுப் போகச் சொன்னால், உங்கள் இடத்தில் வேறு ஆள் உட்கார்ந்தாயிற்று.